இரண்டு கோடுகளுக்கு நடுவில்

மிளகு என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. ஆள் பார்க்கப் பொடிசு, வாயைத் திறந்தால் சுருக்கென்று இருக்கும். அதனால் அம்மா வைத்த பட்டப்பெயர் அது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது தவிர வேறு எங்கும் அவளுடைய நிஜப் பெயருக்கு வேலை இல்லை.

அந்த வீட்டுக் காருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. பெரியப்பா! காலையில் கிளப்பினால் லொக்கு லொக்கென்று நாலு தடவை இருமிவிட்டு, முனகிவிட்டு, அப்புறம்தான் நகரும். "பெரியப்பா எழுந்தாச்சு, வாங்க வாங்க" என்று அம்மா கூப்பிடுவார்.

பெரியப்பாவை வாடகைக்கு ஓட்டியவர் அம்மாதான். அப்பா தையல்காரர். முன்னறை ஜன்னலோரம் அவருடைய தையல் மெஷின் இருக்கிறது. காரைப் பற்றி அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம், அதற்கு நாலு சக்கரம் என்பதும், அவற்றில் ஒன்று எப்போதும் சேற்றில் இருக்கும் என்பதும்தான்.

அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எவ்வளவு அவசரமானாலும், என்ஜினைக் கிளப்புவதற்கு முன்னால் முன்மூடியைத் தூக்கி ஓரத்தில் இருக்கும் வெள்ளைத் தொட்டியைப் பார்ப்பார். அதற்குள் பச்சை நிறத்தில், என்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட் இருக்கும். தொட்டியின் வெளிப்பக்கம் இரண்டு கோடுகள்.

"இந்தக் கீழ்க் கோட்டுக்கு மேல, அந்த மேல் கோட்டுக்குக் கீழ. ரெண்டுக்கும் நடுவுல இருந்தா பெரியப்பாவுக்குக் காய்ச்சல் வராது" என்பார்.

"வெறும் தண்ணி ஊத்தினா என்னம்மா?"

"ஆத்திர அவசரத்துக்கு ஊத்தலாம். தினமும் ஊத்தினா உள்ள துருப் பிடிச்சிடும், சீக்கிரம் கொதிச்சிடும். அதைவிட முக்கியம், என்ஜின் சூடா இருக்கும்போது மட்டும் இந்தத் தொட்டி மூடியில கையே வைக்கக் கூடாது. கொதிக்கிற தண்ணி மூஞ்சியில அடிக்கும்."

இதெல்லாம் போன மாதம் வரைக்கும்.

இப்போது அம்மா மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஊரில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மாடி வார்டில் படுத்திருக்கிறார். சின்னப் பிள்ளைகளை அந்த மாடிக்கு விடமாட்டார்கள். மிளகைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அப்பா தினமும் பெரியப்பாவை ஓட்டிக்கொண்டு மலை ஏறி இறங்கிப் போய்விட்டு வருவார். ஊசியில் நூல் கோர்ப்பவர் மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவார்.

சாயங்காலம் அவர் வந்ததும் மிளகு கேட்பாள்: "அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கா."

மறுநாளும் அதே கேள்வி. அதே "நல்லா இருக்கா". சட்டையில் பொத்தான் தைப்பது போல, தினமும் ஒரே இடத்தில் ஒரே பதில்.

காலையில் அப்பா கேட்பார்: "தொட்டியப் பாத்தியா மிளகு?"

"பாத்தேன். சரியா இருக்குப்பா."

இதுவும் ஒரே பதில்தான். ஆனால் அது பொய்.

முதலில் அவளும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் வீட்டு ஃபிரிட்ஜ் கெட்டுப்போனது. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஆனால் அப்பா அன்றைக்கு விளக்குக்கூடப் போடாமல் தையல் மெஷின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டதற்கு "ம்" என்று மட்டும் சொன்னார். மிளகு ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்தாள். தூக்கம் வரவில்லை. இனிமேல் தன் வாய் வழியாக ஒரு கெட்ட செய்தியும் இந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்று முடிவு செய்தாள்.

பார்த்தால், அடுத்த நாளே தொட்டியில் பச்சைத் தண்ணீர் கீழ்க் கோட்டுக்குக் கீழே போயிருந்தது.

மிளகு சுற்றும் முற்றும் பார்த்தாள். பள்ளிக்குக் கொண்டுபோகும் பாட்டிலைத் திறந்து கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றினாள். மூடியை இறுக்கினாள்.

"சரியா இருக்குப்பா!"

அப்பாவின் முகத்தில் ஒரு கவலையாவது குறைந்த மாதிரி இருந்தது. அதைப் பார்க்க அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அதனால் மறுநாளும் ஊற்றினாள். அதற்கு மறுநாளும் ஊற்றினாள். தொட்டியின் பச்சை வெளிறிக்கொண்டே வந்து, கடைசியில் கழுநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. பள்ளியில் தாகம் எடுத்தால் குழாயில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டாள்.

அன்று காலை மழை தூறிக்கொண்டிருந்தது. நாளைக்கு அம்மாவுக்கு ஆபரேஷன். அதனால் இன்று சாயங்காலம் பார்வை நேரம் முடியும்வரை மிளகை மாடிக்கு விடுவதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு அம்மாவைப் பார்க்கப் போகிறாள்! அவள் முந்தின நாளே ரிப்பனை எடுத்து வைத்துவிட்டாள்.

முன்மூடியைத் தூக்கினாள். தொட்டி காலி. ஒரு பாட்டில் ஊற்றினாள். கோட்டைத் தொடவில்லை. இன்னொரு பாட்டில் ஊற்றியதும் தொட்டது. குனிந்து பார்த்தால், காருக்கு அடியில் சின்னதாக ஒரு குட்டை. மழைத் தண்ணீராக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். காருக்கு அடியில் மழை எப்படிப் பெய்யும் என்று அவளுக்கே தெரியும்.

"தொட்டி எப்படி மிளகு?" வாசலிலிருந்து அப்பா கேட்டார்.

சொல்லிவிடலாமா? சொன்னால் அப்பா வண்டியை எடுக்கமாட்டார். மலைப் பாதையில் பஸ் காலையில் ஒன்றுதான், அதுவும் போய்விட்டது. அம்மாவைப் பார்க்க முடியாது. நாளைக்கு ஆபரேஷன்.

"சரியா இருக்குப்பா" என்றாள். குரல் அவள் குரல் மாதிரியே இல்லை.

பிறகு உள்ளே ஓடி, பள்ளிப் பையிலிருந்த புத்தகங்களையெல்லாம் கட்டிலில் கொட்டிவிட்டு, வீட்டில் இருந்த பாட்டில்களையெல்லாம் நிரப்பிப் பைக்குள் அடுக்கினாள்.

அப்பா அந்தப் பையைத் தூக்கிப் பின் சீட்டில் வைக்கும்போது முக்கினார். "என்னம்மா இது, கல்லு மாதிரி கனக்குது?"

"புத்தகம்ப்பா. அங்க உக்காந்து படிக்கிறதுக்கு."

"ஆபரேஷன் அம்மாவுக்கா, உனக்கா? இவ்வளவு படிக்கிறே!"

அப்பா சிரித்து ரொம்ப நாள் ஆயிற்று. அந்தச் சிரிப்பு மிளகின் நெஞ்சில் குத்தியது.

அப்பாவும் ஒரு துணிப்பை வைத்திருந்தார். அதில் அம்மாவுக்காகத் தைத்த சட்டை இருந்தது. கையைத் தூக்காமல் போட்டுக்கொள்ள வசதியாக முன்பக்கம் முழுக்கப் பொத்தான். ஓரம் மட்டும் அடிக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து அடித்துவிடலாம் என்று ஊசி, நூல், மெஷினுக்கான திருப்புளி, பெரிய கத்தரிக்கோல் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டிருந்தார்.

அந்தக் கத்தரிக்கோலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது துணி வெட்ட மட்டும்தான். ஒரு தடவை மிளகு அதை வைத்து வண்ணக் காகிதம் வெட்டியதற்கு, அப்பா அன்று முழுவதும் அவளோடு பேசவில்லை. "காகிதம் வெட்டினா முனை மழுங்கிடும்" என்று கத்தரிக்கோலிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்தார்.

பெரியப்பா இருமிவிட்டுக் கிளம்பியது.

ஊரைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் மிளகின் கண் ஒரே இடத்தில் நின்றது. சூட்டைக் காட்டும் முள். அப்பா அதைப் பார்ப்பதே இல்லை. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவே அவருக்குப் பயம்.

முள் நடுவில் இருந்தது. முதல் வளைவில் கொஞ்சம் நகர்ந்தது.

'இன்னும் கொஞ்ச தூரம்தான்' என்று நினைத்துக்கொண்டாள் மிளகு.

அடுத்த வளைவில் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை, பனிமூட்டம்தான். இந்தப் பாதையில்தான் அப்பா தினமும் தனியாகப் போய் வந்திருக்கிறார். அந்த வெளிறிப்போன தண்ணீரை நம்பி. அவள் சொன்ன "சரியா இருக்கு"வை நம்பி. நடுவழியில் வண்டி நின்றிருந்தால்?

முள் சிவப்புப் பட்டையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"அப்பா, வண்டிய நிறுத்துங்க."

"என்ன, வாந்தி வருதா?"

"இல்லப்பா. பெரியப்பாவுக்குக் காய்ச்சல். நிறுத்துங்கப்பா, இப்பவே!"

பாறையோரம் கொஞ்சம் இடம் இருந்தது. அப்பா வண்டியை அங்கே ஒதுக்கி என்ஜினை அணைத்தார். இறங்கி முன்மூடியைத் தூக்கியதும் குப்பென்று ஆவி வந்தது. பதறிப்போய் அவர் தொட்டி மூடியில் கை வைக்கப் போனார்.

மிளகு பாய்ந்து அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "தொடாதீங்க! கொதிக்குது! மூஞ்சியில அடிக்கும்னு அம்மா சொல்லியிருக்காங்க. ஆறுற வரைக்கும் காத்திருக்கணும்."

அப்பா கையை இழுத்துக்கொண்டார். "காலையில சரியாத்தானே இருந்துது?"

மழை அவள் தலையில் தூறிக்கொண்டிருந்தது.

"இல்லப்பா" என்றாள். "காலையில காலியா இருந்துது. நான்தான் தண்ணி ஊத்தி வச்சேன். தினமும் ஊத்தினேன். ஃபிரிட்ஜ் கெட்டுப்போன அன்னிக்கு நீங்க அப்படி உக்காந்திருந்தீங்கல்ல... அதுக்கப்புறம் எனக்குச் சொல்லப் பயமா இருந்துது."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு. அவர் கார்க் கதவைத் திறந்து அவளை உள்ளே உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். கண்ணாடியில் மழைத்துளிகள் இறங்கிக்கொண்டிருந்தன.

"அப்பா, அம்மா நிஜமாவே நல்லா இருக்காங்களா?"

அப்பா தன் சட்டைக் கையால் அவள் தலை ஈரத்தைத் துடைத்தார்.

"இல்ல" என்றார் கடைசியில். "நல்லா இல்ல. ரொம்ப இளைச்சிட்டா. சாப்பிட முடியல. நாளைக்கு ஆபரேஷன் பண்ணினா சரியாகலாம்னு டாக்டர் சொல்றாங்க. 'சரியாகும்'னு சொல்லல, 'சரியாகலாம்'னுதான் சொல்றாங்க. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நானும் தினமும் நல்லா இருக்கா, நல்லா இருக்கான்னு..."

மிளகு அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். வெளியே பெரியப்பாவும் தன் பங்குக்குச் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தார்.

அழுது முடித்ததும் மிளகுதான் முதலில் மூக்கைத் துடைத்தாள். "அப்பா, எங்க ஒழுகுதுன்னு பாக்கலாமா?"

"எனக்கு என்ன தெரியும் மிளகு? ஒரு மெக்கானிக் இருந்தா..."

"சட்டையில எங்க கிழிஞ்சிருக்குன்னு பாப்பீங்கல்ல? அது மாதிரி பாருங்களேன்."

ஆவி அடங்கியிருந்தது. அப்பா குனிந்து, தைக்க வந்த துணியைப் பார்ப்பது போல ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகிற தடித்த ரப்பர் குழாயில் அவர் கண் நின்றது.

"இங்கதான்! நுனியில கிழிஞ்சிருக்கு பாரு. இரும்பு வளையத்துக்குக் கீழயே. மத்தபடி குழாய் நல்லாத்தான் இருக்கு." அவர் குழாயை லேசாக வளைத்துப் பார்த்தார். "நீளமும் கொஞ்சம் மிச்சம் இருக்கு."

"சட்டையில இப்படி இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"கிழிஞ்சதை வெட்டி எடுத்துட்டு..." அப்பா நிமிர்ந்தார். "வெட்டி எடுத்துட்டு, மிச்சத்தை இழுத்து மாட்டிடுவேன்."

அம்மாவின் கருவிப் பெட்டி டிக்கியில் இல்லை. வளைவுகளில் கடகடவென்று சத்தம் போட்டுப் பயமுறுத்துகிறது என்று அப்பாதான் அதை வீட்டில் இறக்கி வைத்திருந்தார். ஆனால் தையல் மெஷினின் திருப்புளி இருந்தது. என்ஜினைத் தொட்டுப் பார்த்து, நன்றாக ஆறிவிட்டது என்று தெரிந்த பிறகு, அதை வைத்து வளையத்தைத் தளர்த்தினார். குழாயை உருவினார்.

இனி வெட்ட வேண்டும். இரண்டு பேரும் துணிப்பையைப் பார்த்தார்கள்.

"வேணாம்ப்பா" என்றாள் மிளகு. "முனை மழுங்கிடும்."

"மழுங்கட்டும்" என்றார் அப்பா.

கத்தரிக்கோல் ரப்பரைக் கடித்தது. அப்பா பல்லைக் கடித்தார். கிழிந்த நுனி மோதிரம் மாதிரி கீழே விழுந்தது. குழாயை இழுத்து மாட்டி, வளையத்தைப் போட்டு, திருப்புளியால் இறுக்கு இறுக்கு என்று இறுக்கினார்.

"தண்ணிக்கு எங்க போறது?" என்று ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

மிளகு பள்ளிப் பையைத் திறந்து காட்டினாள்.

"இதான் உன் புத்தகமா!"

"எல்லாப் பாடமும் இருக்குப்பா" என்றாள் மிளகு, ஈரக் கண்ணோடு.

தண்ணீரை மெதுவாக ஊற்றினார்கள். மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் நிறுத்தினார்கள். என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒழுகவில்லை. மெதுவாக மீதி மலையும் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, முதலில் வந்த பெட்ரோல் பங்கில் நிறுத்தினார்கள். அங்கே வண்டி ஆறும்வரை மறுபடி காத்திருந்து, வெளிறிப்போன தண்ணீரை இறக்கிவிட்டு நல்ல கூலன்ட் ஊற்றினார்கள். தொட்டி மறுபடியும் பச்சையானது. அதிலும் நிறைய நேரம் போனது. கடிகாரத்தைப் பார்க்க மிளகுக்குத் தைரியம் இல்லை.

அவர்கள் போய்ச் சேரும்போது பார்வை நேரம் முடியப்போகிறது என்று மணி அடித்துவிட்டார்கள். "அஞ்சே நிமிஷம்" என்றார் மாடிப்படியில் நின்ற நர்ஸ்.

கட்டிலில் இருந்த அம்மாவைப் பார்த்ததும் மிளகின் கால் நின்றுவிட்டது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வளையல் முழங்கை வரைக்கும் ஏறுகிற அளவுக்குக் கை மெலிந்திருந்தது. அப்பா வழியிலேயே சொல்லியிருக்காவிட்டால் அவள் அலறியிருப்பாள். சொல்லியிருந்ததால் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியப்பா எப்படி இருக்காரு?" என்றார் அம்மா. குரல் மெல்லிசாக இருந்தது.

'சரியா' என்று நாக்கு தானாகத் தொடங்கியது. மிளகு அதை விழுங்கினாள்.

"காய்ச்சல் வந்துதும்மா. என்னாலதான்" என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். தண்ணீர் ஊற்றியது, முள் நகர்ந்தது, குழாயை வெட்டியது.

அம்மா கண்ணை மூடித் திறந்தார். "சிவப்பைத் தொட்டிருந்தா என்ஜினே போயிருக்கும். தொடறதுக்கு முன்னால சொன்னியே, அது போதும்." பிறகு அப்பாவைப் பார்த்தார். "என்னங்க, நிஜமாவா? அந்தக் கத்தரிக்கோலாலயா வெட்டுனீங்க?"

"ஆமா."

"எனக்கு ஆபரேஷன் பண்றதை விட அது உங்களுக்கு வலிச்சிருக்குமே!"

மூன்று பேரும் சிரித்தார்கள். அம்மாவுக்குச் சிரிப்பு இருமலில் முடிந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

"நீங்க எப்படிம்மா இருக்கீங்க?" என்றாள் மிளகு.

"நான் நல்லா..." அம்மா நிறுத்தினார். மகளின் முகத்தைப் பார்த்தார். "பயமா இருக்கு மிளகு."

"எனக்கும்தான்ம்மா."

"அப்ப கையை இறுக்கிப் பிடிச்சுக்கோ."

நர்ஸ் வந்து தோளைத் தொடும்வரை மிளகு விடவில்லை.

மறுநாள் அவள் கீழே, வாசல் கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் புதுச் சட்டை இருந்தது. அதன் ஓரத்தை அப்பா அடித்து முடித்திருந்தார். மழுங்கிப்போன கத்தரிக்கோலால் நூலை வெட்டியதில் முடிச்சோரம் பிசிறு பிசிறாக நின்றது. மிளகு அந்தப் பிசிறுகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள். வெளியே மழை விடவே இல்லை. யார் யாரோ படியில் இறங்கி வந்தார்கள். அப்பா மட்டும் வரவில்லை. கிள்ளுவதற்குப் பிசிறும் தீர்ந்துபோயிற்று.

வெகுநேரம் கழித்து அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். அவர் முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் எழுந்து நின்றாள்.

"நல்லா..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

மிளகு கேட்டாள்: "எந்தக் கோட்டுக்கிட்டப்பா?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். தையலில் அளவு சொல்லும்போது யோசிப்பது போலக் கவனமாக யோசித்தார்.

"கீழ்க் கோட்டுக்குக் கொஞ்சம் மேல. கொஞ்சம்தான். இன்னும் தினமும் பாத்துக்கிட்டே இருக்கணுமாம்."

"ஆனா மேலதானே?"

"மேலதான்."

அந்த மாதத்தில் முதல் தடவையாக, அப்பா சொன்ன நல்ல செய்தியை மிளகு அப்படியே நம்பினாள்.